ரவை விழும் நிலத்தை யார் துடைப்பது?

ஈய ரவையைக் கைவிட பிரிட்டன் முடிவெடுத்திருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள ஷாட்கன் ரவைகளுக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் தடை வரப்போவதாக 2025 ஜூலையில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை அமைச்சர்களில் ஒருவரான எம்மா ஹார்டி அறிவித்தார். மூன்றாண்டு அவகாசம் கொடுத்து 2029இல் தடையை முழுமையாக நடைமுறைப்படுத்துவது திட்டம். இந்தச் செய்தி வந்தபோது வேட்டைக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். உண்மையில் பேனாவும் காகிதமும் எடுத்துக் கணக்குப் போட வேண்டியவர்கள் இன்னொரு கூட்டத்தார்: பண்ணை நிலத்தின் ஒரு பகுதியில் களிமண் வட்டுச் சுடுதல் நடத்தும் விவசாயிகள். இயந்திரம் ஒன்று உள்ளங்கை அகல வட்டை வானில் வீசும். அது தரையைத் தொடுமுன் ஷாட்கன்னால் சுட்டு உடைக்க வேண்டும், இதுதான் விளையாட்டு. அறுவடை முடிந்த வயலிலோ மேய்ச்சல் நிலத்திலோ ஆண்டுக்கு 28 நாள் வரை இதை நடத்த இங்கிலாந்தில் தனியாகத் திட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை. அறிவியல் சிறப்புள்ள இடம் என்று அரசு பாதுகாக்கும் நிலங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. விளைபொருள் விலையை நம்பி இருக்க முடியாத விவசாயிக்கு இது கௌரவமான உபரி வருமானம். அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

தடை அறிவிப்பு வந்ததும் எழுந்த முதல் கேள்வி, ‘என் பழைய துப்பாக்கி எஃகு ரவையைத் தாங்குமா?’ என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. அந்தத் துப்பாக்கியிலிருந்து இத்தனை ஆண்டுகளாகக் கொட்டிய ஈயத்தை அந்த நிலம் தாங்குமா என்பது மீதிப் பாதி. துப்பாக்கியையும் வட்டெறி இயந்திரத்தையும் பேணுவதில் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அந்த ஒழுங்கு ரவை விழும் நிலம் வரைக்கும் நீள வேண்டும். அப்படி நீண்டால், 2029 வரை ஈயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கப் பண்ணைச் சுடுதளங்களுக்குக் காரணம் எதுவும் மிஞ்சாது என்பது என் வாதம்.

அந்த ஒழுங்கை முதலில் கிட்டே போய்ப் பார்ப்போம். என் வாதத்துக்கு அதுவே சான்று. வட்டுச் சுடுதலில் பெரும்பாலும் புழங்குவது மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த, நடுவில் மடக்கித் திறக்கும், ‘12 போர்’ என்ற குழல் அளவு கொண்ட துப்பாக்கி. சுட்டு முடித்த அன்றே குழல், முன்கட்டை, பிடிமரம் என்று மூன்றாகக் கழற்றிவிடுவார்கள். கோலில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டுக் கரியைத் தள்ளுவார்கள். பிறகு கரைப்பானில் நனைத்த வெண்கலத் தூரிகை போகும். தோட்டா அமரும் அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் தக்கையின் படிவும் ஈயக் கீற்றும் பிடிவாதமாக ஒட்டியிருக்கும். அங்கே கை கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டும். குழல் முனையைக் குறுக்கத் திருகி வைக்கும் சோக்கைக் கழற்றி மரையில் கிரீஸ் தடவாமல் ஒரு பருவத்தை ஓட்டினால், அடுத்த பருவத்தில் அது கழலவே கழலாது. எண்ணெய் விடுவதிலும் கணக்கு உண்டு. தாராளமாக விட்டால் அது விசைப்பெட்டி வழியே வழிந்து பிடிமரத்தின் தலைப்பகுதியை ஊறவைத்து நசநசக்கச் செய்துவிடும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் எண்ணெய் போட்ட இரவு துப்பாக்கியைக் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துகிறார்கள். மழையில் நனைந்த துப்பாக்கியை உறையிலேயே போட்டு வைத்தால் துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது.

சுத்தம் செய்வதோடு வேலை முடிவதில்லை, சோதனையும் இருக்கிறது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே குழி விழுந்திருக்கிறதா, எங்காவது நசுங்கி நிழல் வளைகிறதா என்று பார்க்க வேண்டும். குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மங்கினால், இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையில் எங்கோ பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை அசைத்துப் பார்த்தால் குழலும் விசைப்பெட்டியும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் கீல் தேய்ந்துவிட்டது என்று பொருள், பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான பழக்கம், ஒவ்வொரு முறை தோட்டா போடுமுன்னும் குழலுக்குள் ஒரு பார்வை பார்ப்பது. அளவில் சிறிய 20 போர் தோட்டா ஒன்று தவறிப்போய் 12 போர் குழலுக்குள் விழுந்தால், நழுவி உள்ளே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, முன்கட்டையைப் பிடித்திருக்கும் கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கம் ஏற்பட்டதே இந்த விபத்துக்குப் பயந்துதான். அதேபோல் ஒரு வெடி வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் அப்படியே நிறுத்தி, தோட்டாவை எடுத்து, தக்கை குழலில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா. பிரிட்டனில் துப்பாக்கிக் குழலை அளவுக்கு மீறிய அழுத்தத்தில் வெடித்துச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே கூடங்கள் இருக்கின்றன. பர்மிங்காம் கூடம் 1813இல் அமைந்தது, லண்டனுடையது அதைவிடப் பழையது. அந்த முத்திரைக்குத் தகுதியில்லாத துப்பாக்கியை விற்பது சட்டப்படி குற்றம்.

வட்டெறி இயந்திரத்துக்கும் இதே கண்டிப்பு உண்டு. சொல்லப்போனால் வட்டுச் சுடுதல் நடக்கும் பண்ணையில் துப்பாக்கிக்கு அடுத்தபடி ஆபத்தானது அதுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டார், வட்டை வீசும் இரும்புக் கையைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கின் இழுவிசையில் நிறுத்தி வைக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கை விடுபட்டுச் சுழல்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் இயந்திரம் அடங்கிவிட்டது என்று நினைப்பதுதான் தவறு. இழுத்து நிறுத்திய கை அப்படியேதான் இருக்கும், ஸ்பிரிங்கில் தேங்கிய விசையும் அப்படியேதான் இருக்கும். ஆகவே முதலில் சுவிட்சை அணைத்து, அதற்குரிய விடுவிப்பு முறையில் கையை வெறுமனே ஒருமுறை சுழல விட்டு, அது தளர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்து, பேட்டரி இணைப்பைப் பிடுங்கிய பிறகே யாரும் நெருங்க வேண்டும். அப்போதும் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். கையின் வீச்சு வட்டத்தைச் சுற்றி இருக்கும் பாதுகாப்பு வளையத்தை வசதிக்காகக் கழற்றி வைப்பது மன்னிக்க முடியாத காரியம். அதிர்வில் தளரும் நட்டு போல்ட்டுகள், வட்டு உரசி உரசித் தேயும் ரப்பர் பட்டை, பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் படிவு ஆகியவற்றை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் பார்க்க வேண்டும். பருவம் முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் மூலையில் வைக்க வேண்டும்.

இவ்வளவு அக்கறை குழல்வாயிலிருந்து ரவை வெளியேறிய கணத்தில் நின்றுபோகிறது. ஒரு தோட்டாவில் 28 கிராம் ரவை என்று வைத்துக்கொள்வோம்; பிரிட்டன் வட்டுச் சுடுதலில் வழக்கமான அளவு அது. ஐம்பது பேர் கூடி ஆளுக்கு ஐம்பது வட்டு சுட்டால் 2,500 தோட்டா, அதாவது 70 கிலோ ஈயம். வழக்கமான சிறு ரவையில் தோட்டாவுக்குச் சுமார் 400 என்று கணக்கிட்டால், ஒரே நாளில் அந்த வயலில் 10 லட்சம் ரவைகள் விழுகின்றன. சட்டம் தரும் 28 நாளும் இப்படி நடந்தால் ஆண்டுக்கு இரண்டு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும். துப்பாக்கிகளிலிருந்து நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் ஈயம் சுற்றுச்சூழலில் சேர்வதாகவும், ஈய நஞ்சால் ஒரு லட்சம் வரை நீர்ப்பறவைகள் சாவதாகவும் பிரிட்டன் அரசு மதிப்பிடுகிறது. ஒரே இடத்தில் விடாமல் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு கடலோரத்தில் ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்தின் சுடுதளம் சுமார் 70 ஆண்டுகள் இயங்கியது. அது மூடப்பட்ட பிறகு நடந்த வழக்கில் 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்த கணக்கு இது: கரையிலும் கடலிலுமாக ஏறத்தாழ 2,400 டன் ஈய ரவை, 1 கோடியே 10 லட்சம் பவுண்டு எடையுள்ள உடைந்த வட்டுத் துண்டுகள். பண்ணைச் சுடுதளத்தின் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அங்கே விழுந்தது மட்டி விளையும் கடலில். இங்கே விழுவது மாடு மேயும் புல்லில்.

ஈய ரவை கால்நடையை எட்டும் வழி ஒன்றல்ல. கோழியும் வாத்தும் தீனியை அரைக்கச் சிறு கல் பொறுக்கித் தின்னும் பிறவிகள்; இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் குறுக்களவுள்ள ரவை அவற்றின் கண்ணுக்குச் சரியான கல். அரைவைப்பையில் போய்க் கல்லோடு உரசித் தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தைக் கொன்றுவிடலாம். மாட்டின் கதை வேறு. மேய்ச்சலில் ஒன்றிரண்டு ரவையை விழுங்கினால் பெரும்பாலும் பெரிய கேடு வராது. அந்த வயலின் புல்லையோ மக்காச்சோளத்தையோ அறுத்துச் சைலேஜ் போடும்போதுதான் வினை தொடங்குகிறது. அறுக்கும் இயந்திரம் ரவையையும் சேர்த்து அள்ளுகிறது. நம் ஊரில் ஊறுகாய்ப்புல் என்கிறோமே, அந்தப் புளித்த தீவனத்தின் அமிலத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் ஈயம் கரைந்து தீவனம் முழுக்கப் பரவுகிறது. பிறகு ரவையைத் தின்னாத மாட்டுக்கும் ஈயம் போய்ச் சேரும். பார்வை மங்குதல், பல்லைக் கடித்தல், வலிப்பு, கன்றுகள் திடீரென்று சாதல் என்று அது வெளிப்படும். பால், இறைச்சி விற்பனையை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டி வரும். வட்டுச் சுடுதலில் விழுந்த ரவையால் கால்நடைகளுக்கு நேர்ந்த ஈய நச்சுச் சம்பவங்களை பிரிட்டன் கால்நடை மருத்துவ ஏடான ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ 2013இல் வெளியிட்டிருக்கிறது. வட்டும் அப்பாவிப் பொருளில்லை. இன்றைய வட்டு சுண்ணாம்புக்கல் தூளைக் கீலோடு சேர்த்து வார்ப்பது. நிலக்கரித் தார்க்கீல் கலந்த பழைய வட்டுகளின் துண்டுகளைத் தின்ற பன்றிகள் ஈரல் அழிந்து செத்தது கால்நடை மருத்துவப் பாடத்தில் இடம்பெற்ற விஷயம். இப்போது கீல் குறைந்த, மண்ணுக்குக் கேடு குறைந்த வட்டுகள் கிடைக்கின்றன. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுக்காமல் கால்நடையை வயலில் விடுவது எந்த வகை வட்டானாலும் தவறுதான்.

‘ஈயம் உலோகம்தானே, மண்ணில் கிடந்தால் கிடக்கட்டும், கரையவா போகிறது?’ என்பது வழக்கமான மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. மண்ணில் விழுந்த ரவையின் மேல் ஆக்சைடும் கார்பனேட்டும் தோலாகப் படியும், கரைதல் மெதுவாகவே நடக்கும். ஆனால் மண் அமிலத்தன்மையானால் அந்தத் தோல் நிற்காது. மழை அதிகமான, புளித்த மண் உள்ள மேட்டுப் பண்ணைகளில் ஈயம் கரைந்து நகரும். தவிர, கோழியும் அறுவடை இயந்திரமும் மண் கரைக்கட்டும் என்று காத்திருப்பதில்லை, முழு ரவையாகவே எடுத்துக்கொள்கின்றன. ‘ஆண்டுக்குச் சில நாள்தானே சுடுகிறோம்’ என்பது அதன் தம்பி. 28 நாள் என்ற வரம்பு நிலத்தின் பயன்பாட்டைத் தற்காலிகம் என்று சொல்கிறது. விழுந்த ஈயத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது. அது அங்கேயே இருக்கும். பிற்காலத்தில் அந்த நிலம் மாசுபட்டது என்று 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டால், சுத்தம் செய்யும் பொறுப்பு மாசு சேர்த்தவரைத் தேடி வரும். அவர் கிடைக்காவிட்டால் அப்போதைய உரிமையாளரின் தலையில் விழும். நிலத்தை வாரிசுக்கு விட்டுப்போக நினைக்கும் விவசாயிக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

துப்பாக்கி பற்றிய மறுப்பைத்தான் நான் மதித்துப் பதில் சொல்ல விரும்புகிறேன், அதில் உண்மையான கவலை இருக்கிறது. எஃகு ரவை ஈயத்தைவிடக் கடினம். குழலைக் கீறும், இறுக்கமான சோக்கில் திணறிக் குழல் முனையை உப்பவைக்கும் என்ற பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். இதற்கு விடை பராமரிப்புக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் வரும் எஃகுத் தோட்டாவை, முறையான சோதனை முத்திரை உள்ள, 70 மில்லிமீட்டர் அறை கொண்ட, நல்ல நிலையிலுள்ள நவீனத் துப்பாக்கிகள் தாங்கும். ரவையை முழுதாக மூடும் கிண்ணம் போன்ற தக்கை குழலைக் காக்கும். சோக் அரை அளவுக்கு மேல் இறுக்கமாக வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அதிக அழுத்தத் தோட்டாக்களுக்குத்தான் லில்லிப்பூ முத்திரை குத்திய தனித் துப்பாக்கி வேண்டும். வட்டு உடைக்க அந்தத் தோட்டா தேவையே இல்லை. எந்தத் துப்பாக்கி எதைத் தாங்கும் என்று குழலில் குத்திய முத்திரையைப் படித்துச் சொல்லப் பழுது பார்ப்பவருக்கு அதிக நேரம் ஆகாது. மிஞ்சுவது உலோகப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல்களும் சுவர் மெலிந்துபோன பழைய இரட்டைக் குழல்களும். அவற்றுக்கு எஃகு கூடாது. பிஸ்மத் ரவை இருக்கிறது, விலை அதிகம். ஒரு நாளில் ஐம்பது நூறு வெடி சுடும் விளையாட்டுக்கு அந்த வயதான துப்பாக்கிகளை இழுக்காமல் விடுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

எஃகு இலேசானது, ஈயம் 11.3 என்றால் எஃகின் அடர்த்தி 7.8தான், தூரத்தில் வேகம் இழக்கும் என்பது இன்னொரு மறுப்பு. ஒன்றிரண்டு அளவு பெரிய ரவையை எடுத்தால் வழக்கமான வட்டுத் தூரங்களில் இந்தக் குறை ஈடாகிவிடும். மிக நீண்ட தூர வட்டுகள் கொஞ்சம் கடினமாகும். அமைப்பாளர் அவற்றைக் கிட்டே கொண்டுவரலாம். கல்லிலும் இரும்பிலும் பட்டு எஃகு திரும்பித் தெறிக்கும் என்பது முழு உண்மை. ஆகவே சுடும் திசையில் இரும்புச் சட்டங்கள் இருக்கக் கூடாது. சுடுபவர் மட்டுமின்றி வேடிக்கை பார்ப்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். எஃகு வந்தால் பிளாஸ்டிக் தக்கை வயலெங்கும் சிதறுமே என்பவர்களுக்கு, மண்ணில் மக்கும் தக்கையும் நீரில் கரையும் தக்கையும் சந்தைக்கு வந்துவிட்டன என்பதே பதில். ‘சட்டம் எதற்கு, நாங்களே விட்டுவிடுவோம்’ என்ற வாக்குறுதியையும் பார்த்தாகிவிட்டது. பிரிட்டனின் ஒன்பது வேட்டை, கிராம அமைப்புகள் 2020 பிப்ரவரியில், உயிர் வேட்டையில் ஈய ரவையை ஐந்தாண்டில் தாமாகவே கைவிடுவதாக உறுதி கூறின. ஐந்தாண்டு முடிந்தபோது, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் கடைகளில் வாங்கிச் சோதித்த பீசன்ட் பறவைகளில் ரவை கிடைத்தவற்றில் 99 சதவீதத்தில் இருந்தது ஈயம்தான்.

மரபு போய்விடும் என்ற வருத்தத்துக்கும் ஒரு வார்த்தை. இந்த விளையாட்டே ஒரு மாற்றத்தில் பிறந்தது. தொடக்கத்தில் கூண்டைத் திறந்து உயிருள்ள புறாவைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கின்போதுகூட அப்படி நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880இல் களிமண் வட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கூண்டுப் பறவைகளைப் பறக்கவிட்டுச் சுடுவதை பிரிட்டன் 1921இல் சட்டம் போட்டு நிறுத்தியது. விளையாட்டு அழியவில்லை, வளர்ந்தது. டென்மார்க் 1996 முதல் ஈய ரவையை நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறது. அதன் பிறகும் அந்நாட்டு வீரர்கள் ஆண்டர்ஸ் கோல்டிங் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஜெஸ்பர் ஹான்சன் டோக்கியோவிலும் வட்டுச் சுடுதலின் ஸ்கீட் பிரிவில் வெள்ளி வென்றார்கள். ஒலிம்பிக்கில் ஈய ரவைக்கு அனுமதி உண்டே என்று யாரும் கேட்கலாம், சரிதான். தடை வந்தால் நாட்டில் இந்த விளையாட்டே இல்லாமல் போகும் என்பதற்கு மட்டும்தான் அந்த இரண்டு பதக்கங்கள் பதில்.

ஆக, பண்ணை வைத்திருப்பவர் நாளையே என்ன செய்யலாம்? எஃகுக்கு மாறுவது முதல் வேலை. அடுத்து, ஏற்கெனவே விழுந்த ஈயத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும். பெரும்பாலான ரவை சுடும் இடத்திலிருந்து 100 முதல் 200 மீட்டர் தூரத்தில் விழும். அந்தப் பட்டையை வரைபடத்தில் குறித்து மண்ணைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மண்ணின் காரஅமில நிலை 6.5க்கும் 8.5க்கும் இடையே இருந்தால் ஈயம் நகர்வது வெகுவாகக் குறையும், புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இட வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சுடுதளங்களுக்கான கையேட்டில் சொல்கிறது. அந்தப் பட்டையில் சைலேஜுக்கு அறுக்கக் கூடாது, கோழியை விடக் கூடாது, ரவையைச் சலித்து எடுக்குமுன் உழவும் கூடாது. உழுதுவிட்டால் மேலாகக் கிடந்த ஈயம் ஆழத்துக்குப் போய், மீட்பது குதிரைக்கொம்பாகிவிடும். ‘ஒரே இடத்தில் சேராமல் வயல் வயலாக இயந்திரத்தை மாற்றி வைக்கிறோம்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. ஈயம் சுடும் வரையில் அது நல்ல காரியமில்லை, ஒரு வயலின் நோயை நான்கு வயலுக்குப் பரப்புகிற காரியம்.

நமக்கும் இதில் கவலைப்பட வேண்டிய பங்கு இருக்கிறது. ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் 2004 ஏதென்ஸில் டபுள் ட்ராப் வெள்ளி வென்றது முதல் ஷாட்கன் விளையாட்டின் மேல் இந்தியாவில் ஆர்வம் கூடியிருக்கிறது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் நாட்டுக்காகச் சுட்டார். இன்னும் பலர் வர வேண்டும், அவர்களுக்குத் தளங்களும் வர வேண்டும். பிரிட்டனுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: எழுபது எண்பது ஆண்டு ஈயத்தைச் சுமக்காத மண்ணில் புதிய தளங்களைத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் புதிதாக ஷாட்கன் தளத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகளும், அதற்கு நிலம் தர முன்வரும் விவசாயிகளும் மூன்று நிபந்தனைகளை முதல் நாளே எழுத்தில் சேர்த்துவிட வேண்டும். சர்வதேசப் போட்டிக்குத் தயாராகிறவர்களைத் தவிர மற்றவர்கள் எஃகு ரவையில்தான் பழக வேண்டும். போட்டி வீரர்கள் சுடும் ஈயத்தைக் குறித்த காலத்தில் சலித்து எடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். ரவை விழும் தூரத்துக்குள் ஏரி, கண்மாய், மேய்ச்சல் நிலம் எதுவும் வரக் கூடாது.